முதலில் கழிப்பறை, பிறகு மற்றதெல்லாம்

உடல் பாதிப்போடு வாழ்கிறவர்களும் அவர்கள் வீட்டாரும் அனுப்பும் கேள்விகளுக்கு இந்தப் பக்கத்தில் பதில் எழுதுகிறேன். புதிதாகப் படிப்பவர்களுக்கு என்னைப் பற்றி: கல்லூரி முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த சமயத்தில் மொட்டைமாடியிலிருந்து விழுந்து முதுகுத் தண்டில் அடிபட்டது. இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்ச்சியும் இல்லை. திருநெல்வேலியில் வீட்டிலிருந்தே கடைக்காரர்களுக்கு ஜிஎஸ்டி கணக்குப் பார்த்துக் கொடுக்கிறேன். நான் டாக்டர் இல்லை. மாத்திரை பெயர் கேட்டு எழுதுகிறவர்கள் உங்கள் டாக்டரிடம்தான் கேட்க வேண்டும்.

கேள்வி: என் தம்பிக்கு வயது 26. தென்னை மரத்திலிருந்து விழுந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. முதுகில் ஆபரேஷன் செய்தார்கள். அதன்பிறகு எண்ணெய் வைத்தியம், ஊசி, பூஜை என்று பார்க்காத இடமில்லை. அரை ஏக்கர் போய்விட்டது. இப்போது ஒருவர் மூன்று லட்சம் கட்டினால் ஆறு மாதத்தில் நடக்க வைக்கிறேன் என்கிறார். மிச்ச நிலத்தையும் விற்கலாமா அக்கா? தம்பி யாரிடமும் பேசுவதில்லை. சுவரைப் பார்த்தபடியே படுத்திருக்கிறான்.
— ஓர் அண்ணன், தென்காசி மாவட்டம்

பதில்: விற்காதீர்கள்.

நீங்கள் அனுப்பிய டிஸ்சார்ஜ் சீட்டின் நகலைப் பார்த்தேன். 'டி-10, கம்ப்ளீட்' என்று போட்டிருக்கிறது. டி-10 என்றால் நெஞ்சுப் பகுதி முதுகெலும்பில் மேலிருந்து பத்தாவது இடம். கம்ப்ளீட் என்றால் காயத்துக்குக் கீழே அசைவும் உணர்ச்சியும் முழுதாகப் போய்விட்டது என்று அர்த்தம். முதுகுத் தண்டில் அடிபட்டால், திரும்பி வரக்கூடியதில் பெரும்பகுதி முதல் வருஷத்துக்குள் வந்துவிடும். ஒன்றரை வருஷம் கழித்து, முழுக் காயத்தில், பணம் வாங்கிக்கொண்டு நடக்க வைக்கிறேன் என்று ஒருவர் சொன்னால் அவர் உங்கள் நிலத்தைத்தான் பார்க்கிறார். அவர் சொல்வது சரியாக இருக்குமோ என்று உங்களுக்குத் தோன்றினால், இதே சீட்டை ஒரு மறுவாழ்வு மருத்துவரிடம் காட்டி ஒரு வார்த்தை கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். ஆர்த்தோ டாக்டர் வேறு, மறுவாழ்வு மருத்துவர் வேறு. அந்தத் துறையை பி.எம்.ஆர். என்பார்கள்.

உங்கள் கடிதத்தில் மூன்று பக்கத்துக்கு வைத்தியம் இருக்கிறது. தம்பி எங்கே குளிக்கிறார், சிறுநீர் எப்படிப் போகிறது, முதுகின் தோல் எப்படி இருக்கிறது என்று ஒரு வரிகூட இல்லை. எல்லா வீட்டிலும் இதுதான் நடக்கிறது. 'எப்போது நடப்பான்' என்று காத்திருந்தே வருஷங்கள் போய்விடுகின்றன. அதுவரைக்கும் கட்டில்தான், டயப்பர்தான், அம்மா வந்து துடைத்துவிடுவதுதான். 26 வயது ஆண்பிள்ளைக்கு அம்மா தினமும் கால் கழுவி விட்டால் அவர் சுவரைப் பார்த்துத்தான் படுப்பார். அந்த மௌனம் நடக்க முடியாததால் மட்டும் வந்ததில்லை.

அதனால் அந்த மூன்று லட்சத்தில் ஒரு சிறு பங்கை எடுத்து முதலில் கழிப்பறையைச் சரிசெய்யுங்கள். வெஸ்டர்ன் டாய்லெட், உட்காரும் உயரம் வீல்சேர் உட்காரும் உயரத்துக்குச் சமமாக. பக்கச் சுவரில் கைப்பிடிக் கம்பி. அதைச் சுவரில் ஆழமாகப் பதிக்கச் சொல்லுங்கள், முழு உடம்பும் அதில்தான் தொங்கும். கதவு அகலம் 90 சென்டிமீட்டர், வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்ளே திறந்தால், அவர் விழுந்து கதவை அடைத்துக்கொண்டு கிடக்கும்போது யாரும் உள்ளே போக முடியாது. உள்ளே வீல்சேர் முழுவட்டம் திரும்ப 150 சென்டிமீட்டர் இடம் வேண்டும். அவ்வளவு இடம் இல்லையென்றால் தடுப்புச் சுவரை எடுத்துவிட்டு குளிக்கவும் டாய்லெட்டுக்கும் ஒரே அறையாக்குங்கள். கொத்தனாரை வரச்சொல்லி, தம்பியை வீல்சேரில் உட்கார வைத்து, எது எங்கே வேண்டும் என்று அவரையே சொல்லச் சொல்லுங்கள். ஒன்றரை வருஷத்தில் அவரிடம் யாராவது 'உனக்கு எப்படி வேண்டும்' என்று கேட்டிருப்பார்களா?

அடுத்தது சிறுநீர். ட்யூபை நிரந்தரமாக மாட்டி வைத்திருந்தால் கிருமித் தொற்று திரும்பத் திரும்ப வரும். கையை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, நான்கிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரே கதீட்டர் என்ற மெல்லிய குழாயைப் போட்டுச் சிறுநீரை வெளியேற்றிவிட்டு, குழாயை எடுத்துவிடலாம். கைகள் நன்றாக இருப்பவர் ஒரு வாரத்தில் பழகிக்கொள்வார். என்னை டிஸ்சார்ஜ் செய்த ஆஸ்பத்திரியில் இதை யாருமே சொல்லவில்லை. பழைய வார்டில் பக்கத்துக் கட்டிலில் இருந்த ஒரு பெண் பல மாதம் கழித்து வீடு தேடி வந்து சொல்லிக்கொடுத்தாள். அன்றிலிருந்துதான் நான் வெளியே போக ஆரம்பித்தேன். வருஷத்துக்கு ஒருமுறை சிறுநீரக ஸ்கேன் எடுத்துவிடுங்கள்.

மூன்றாவது தோல். நமக்கு உறுத்தினால் தன்னாலேயே நகர்ந்து உட்காருவோம். அவருக்கு உறுத்துவதே தெரியாது. படுத்திருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரள வேண்டும். வீல்சேரில் இருந்தால் கால் மணி, அரை மணிக்கு ஒருமுறை இரண்டு கையையும் ஊன்றி உடம்பைத் தூக்க வேண்டும். நல்ல குஷன் கட்டாயம். ராத்திரி படுக்கும்போது கண்ணாடியை வைத்துப் பின்பக்கம், குதிகால், இடுப்பெலும்பு எல்லாம் அவரே பார்க்கட்டும். எங்காவது சிவந்திருந்து, அழுத்தம் எடுத்த பிறகும் சிவப்பு மறையாவிட்டால், அது மறையும்வரை அந்த இடத்தில் பாரம் படாமல் வைத்திருந்து, பிறகுதான் மறுபடி உட்கார வேண்டும். சுடுகிற டிபன் பாத்திரத்தை மடியில் வைக்கவே கூடாது. நான் மடியில் தட்டு வைத்துச் சாப்பிடும்போது கீழே மடித்த துண்டு ஒன்று எப்போதும் இருக்கும். சார்ஜ் ஏறும் போனும் அப்படித்தான், தொடைக்கு அடியில் கிடந்தால் தெரியாது, தோல் வெந்த பிறகுதான் பார்ப்போம்.

இரண்டாம் உலகப் போர்க் காலம் வரைக்கும் முதுகுத் தண்டு அடிபட்டவர்களில் பெரும்பாலோர் சீக்கிரமே இறந்துபோனார்கள். அவர்களைக் கொன்றது முதுகுக் காயம் இல்லை. படுக்கைப்புண்ணும் சிறுநீரகத் தொற்றும்தான். 1944-ல் இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டவில் என்ற ஊரில் லுட்விக் குட்மன் என்ற டாக்டர் புரட்டிப் படுக்க வைப்பதையும் சிறுநீர்ப் பையைக் கவனிப்பதையும் கண்டிப்பாக நடத்தி அதை மாற்றிக் காட்டினார். நோயாளிகளை வேலைக்கும் விளையாட்டுக்கும் இறக்கினார். 1948-ல் அவர் நடத்திய போட்டிதான் பின்னால் பாராலிம்பிக் ஆனது.

உங்கள் மாவட்டத்திலேயே ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறது. 1981-ல் அதைத் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன், என்ஜினீயரிங் மாணவராக இருந்தபோது 1975-ல் கடற்படை அதிகாரி தேர்வில் விழுந்து கழுத்துப் பகுதியில் அடிபட்டவர். உங்கள் தம்பிக்கு இருக்கிற கை பலம்கூட அவருக்கு இல்லை. அங்கே தம்பியைக் கூட்டிக்கொண்டு போங்கள். வேலூர் சி.எம்.சி.க்குப் போக முடிந்தால் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் இருக்கிறது. அதைக் கட்டி எழுப்பிய டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ல் கார் விபத்தில் நடை இழந்தவர். பிறகு வீல்சேரில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தார்.

கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அடையாள அட்டையும், நாடு முழுக்கச் செல்லும் யுடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அட்டையும் வாங்குங்கள். முதுகுத் தண்டுவடம் பாதித்தவர்களுக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை உண்டு, பேட்டரி வீல்சேருக்கும் விண்ணப்பிக்கலாம். ஒரு பேச்சுத் துணை வேண்டுமென்றால் அவரே எனக்கு எழுதட்டும், நான் பதில் போடுவேன்.

கேள்வி: நீங்கள் 'நன்றாக இருக்கிறேன்' என்று எழுதும்போதெல்லாம் எனக்கு நம்ப முடியவில்லை. மனசைத் தேற்றிக்கொள்ளத்தானே அப்படிச் சொல்கிறீர்கள்? தவறாக நினைக்க வேண்டாம்.
— ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: தவறாக நினைக்கவில்லை. இதே சந்தேகத்தை ஆராய்ச்சியாளர்களும் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஆல்பிரெக்ட், டெவ்லீகர் என்ற இருவர் கடுமையான உடல் பாதிப்பு உள்ளவர்களை நேரில் பேட்டி எடுத்து 1999-ல் எழுதினார்கள். பாதிக்கும் மேற்பட்டவர்கள் தங்கள் வாழ்க்கைத் தரம் நன்று அல்லது மிக நன்று என்றே சொன்னார்கள். மோசம் என்று சொன்னவர்கள் காரணமாக எதைச் சொன்னார்கள் என்பதுதான் முக்கியம்: வலி, அசதி, தன் உடம்பு தன் கட்டுப்பாட்டில் இல்லாமல் போனது.

உலக சுகாதார நிறுவனம் வாழ்க்கைத் தரத்தை அளக்க ஒரு கேள்வித்தாள் வைத்திருக்கிறது. அதை உருவாக்கிய மையங்களில் சென்னையும் ஒன்று. சுருக்கப் பதிப்பில் 26 கேள்விகள். உடம்பு, மனம், உறவுகள், சுற்றுப்புறம் என்று நான்கு பகுதி. தூக்கம் எப்படி, பணம் போதுமா, போக்குவரத்து வசதி உண்டா, நண்பர்கள் கைகொடுக்கிறார்களா என்றெல்லாம் கேட்கும். நீங்கள் என்னைப் பார்க்கும்போது அதில் ஒரு பகுதியை மட்டும் பார்க்கிறீர்கள்.

எனக்கு மோசமான நாட்கள் உண்டு. நரம்பு வலி வந்தால் கால் தீப்பிடித்த மாதிரி எரியும், உணர்ச்சியே இல்லாத கால்தான் அப்படி எரியும். அன்று கணக்கு நோட்டைத் திறக்க மாட்டேன். ஆனால் நான் அழுத நாட்களை எண்ணினால் வலியால் அழுததைவிட மற்றவர்களால் அழுததுதான் அதிகம். கல்யாண வீட்டுக்குப் போனால் மேடைக்கு ஏற வழியில்லாமல் சாப்பாட்டுப் பந்திக்கு நேராக அனுப்புவார்கள். பேங்கில் என் கையெழுத்து வேண்டிய படிவத்தைக் கூட வந்த தம்பியிடம் நீட்டுவார்கள். இதெல்லாம் என் முதுகுத் தண்டில் இல்லை. காலையில் எழுந்து நானே குளித்து, என் காசில் காய் வாங்கி, யாருக்கு வேலை செய்வது, யாருக்கு மாட்டேன் என்பது என்று நானே முடிவெடுக்கிற நாளை நான் நல்ல நாள் என்றுதான் சொல்வேன். நீங்களும் அப்படித்தானே சொல்வீர்கள்?

கேள்வி: இரண்டு வயதில் போலியோ வந்து வலது கால் சூம்பிவிட்டது. காலைத் தாங்கும் காலிப்பர் போட்டுக்கொண்டே படித்து, டெய்லர் கடை வைத்து, மூன்று பிள்ளைகளைக் கரையேற்றினேன். இப்போது 55 வயது. இரண்டு வருஷமாக நன்றாக இருந்த இடது காலும் பலம் குறைகிறது. மத்தியானத்துக்கு மேல் தையல் மிஷினை மிதிக்க முடியவில்லை. வயசாகிவிட்டது என்கிறார்கள். போலியோ திரும்ப வருமா?
— ஒரு தையல்காரர், விருதுநகர்

பதில்: போலியோ கிருமி திரும்ப வரவில்லை ஐயா. ஆனால் வயசு என்று விட்டுவிடவும் கூடாது. இதற்குப் போஸ்ட் போலியோ சிண்ட்ரோம் என்று பெயர். போலியோ வந்து பல பத்தாண்டுகள் கழித்து வரும். சிறுவயதில் செத்துப்போன நரம்புகளின் வேலையையும் சேர்த்து மிச்ச நரம்புகள் இத்தனை வருஷம் இழுத்திருக்கின்றன. இப்போது அவை தளர்கின்றன. உங்கள் 'நல்ல காலிலும்' அப்போது பாதிப்பு இருந்திருக்கும், வெளியே தெரிந்திருக்காது.

இந்தியாவில் கடைசிப் போலியோ நோயாளி பதிவானது 2011 ஜனவரியில். 2014 மார்ச்சில் போலியோ இல்லாத நாடு என்று சான்று வந்தது. அதனால் இளம் டாக்டர்கள் பலர் போலியோவைக் கண்ணால் பார்த்ததில்லை. போனதும் நீங்களே 'எனக்குப் போலியோ வந்தது' என்று முதலில் சொல்லுங்கள். சர்க்கரை, தைராய்டு, முதுகு டிஸ்க் போன்ற வேறு காரணம் இல்லை என்று பார்த்த பிறகுதான் இதை உறுதி செய்வார்கள். மூச்சு வாங்கினாலோ விழுங்கச் சிரமமாக இருந்தாலோ தள்ளிப்போடாதீர்கள். ஆபரேஷன் ஏதாவது வந்தால் மயக்க மருந்து கொடுப்பவரிடமும் போலியோவைச் சொல்லிவிடுங்கள்.

நம் தலைமுறைக்குச் சொல்லிக்கொடுத்தது 'விடாமல் உழை, காலை விட்டுவிடாதே' என்பதுதான். இப்போது அது உங்களுக்கு ஆகாது. அசந்துபோகும் அளவுக்கு உடற்பயிற்சி செய்தால் இருக்கிற பலமும் போகும். மிஷினுக்கு மோட்டார் போடுங்கள். வெட்டுகிற வேலையை உயரமான ஸ்டூலில் உட்கார்ந்து செய்யுங்கள். மத்தியானம் ஒரு மணி நேரம் படுங்கள். பழைய இரும்புக் காலிப்பர் இன்னும் போட்டிருந்தால் மாற்றுங்கள், பாலிபுரோபிலீன் என்ற பிளாஸ்டிக்கில் எடை குறைந்தது கிடைக்கிறது. தூரமாகப் போக வீல்சேரோ மூன்று சக்கர ஸ்கூட்டரோ எடுத்துக்கொண்டால் அதில் ஒரு தோல்வியும் இல்லை. சாயங்காலம் கடையில் இருக்கத் தெம்பு மிஞ்சும்.

கேள்வி: வாடகை வீடு. வாசலில் மூன்று படி. சாய்தளத்துக்கு ஓனர் சம்மதித்துவிட்டார். எவ்வளவு நீளம் விட வேண்டும்?
— ஈரோடு

பதில்: ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம். மூன்று படியும் சேர்த்து 18 அங்குலம் இருந்தால் 18 அடி. இடம் இல்லையென்றால் நடுவில் தட்டையாக விட்டுத் திருப்பிக் கட்டலாம். இரண்டு பக்கமும் விளிம்பு எழுப்புங்கள், சக்கரம் நழுவாது. வழுவழு டைல்ஸ் வேண்டாம், சிமென்ட்டில் கோடு போடச் சொல்லுங்கள். ஓனரை எனக்காக ஒருமுறை கும்பிட்டுவிடுங்கள்.

அரசு அலுவலகங்கள் பலவற்றில் பைக் ஏற்றத்தான் உதவும் சரிவில் ஒரு சாய்தளத்தைக் கட்டி 'மாற்றுத்திறனாளிகளுக்கு' என்று பலகை வைத்திருக்கிறார்கள். 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் ராஜீவ் ரத்தூரி வழக்கில், அணுகல் வசதிக்கான அளவுகள் வெறும் பரிந்துரையாக இருக்க முடியாது, கட்டாயமாக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. செங்குத்தான சாய்தளத்தைப் பார்த்தால் போட்டோ எடுத்து, அளவு குறித்து, திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனுக் கொடுங்கள். நான் கொடுத்துக்கொண்டேதான் இருக்கிறேன்.

கேள்வி: எனக்கு 29 வயது. விபத்தில் அடிபட்டு வீல்சேரில் இருக்கிறேன், டி-8 காயம். கணவர் அன்பானவர். குழந்தை வேண்டும் என்று இருவருக்கும் ஆசை. மாமியார், என் அம்மா இருவருமே 'உனக்கு எதற்கு இந்த வேலை, கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் மாதாமாதம் தொல்லையும் இருக்காது' என்கிறார்கள்.
— பெயர் வேண்டாம்

பதில்: எடுக்கச் சம்மதிக்காதே தங்கச்சி. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, பத்தாவது பிரிவு: உன் முழுச் சம்மதம் இல்லாமல் குழந்தைப் பேறு இல்லாமல் போகும் எந்தச் சிகிச்சையும் செய்யக் கூடாது. அம்மா சொன்னாலும் கணவர் கையெழுத்துப் போட்டாலும் செல்லாது.

முதுகுத் தண்டுக் காயம் பெண்ணின் கருத்தரிக்கும் திறனை எடுத்துவிடுவதில்லை. குழந்தை பெற்ற வீல்சேர்ப் பெண்கள் நிறைய இருக்கிறார்கள். கவனம் கூடுதலாக வேண்டும்: சிறுநீர்த் தொற்று அடிக்கடி வரலாம், எடை ஏற ஏற தோலைப் பார்க்க வேண்டும், காலில் ரத்தம் கட்டலாம். உன் காயத்தின் இடத்துக்குப் பிரசவ வலி வலியாகவே தெரியாமல் போகலாம். கடைசி மாதங்களில் வயிற்றில் கை வைத்து இறுகுகிறதா என்று பார்க்கப் பழகு. சாப்பிடும் மாத்திரைகளைக் கரு நிற்பதற்கு முன்பே டாக்டரிடம் காட்டி மாற்று. திடீரென்று தலை வெடிக்கிற வலி, முகத்தில் வியர்வை, ரத்த அழுத்தம் ஏறுவது என்பது டி-6-லோ அதற்கு மேலே கழுத்துப் பக்கமோ அடிபட்டவர்களுக்குத்தான் பெரிய ஆபத்து. உன் காயம் அந்த இடத்துக்கு அருகில் இருக்கிறது என்பதால் பிரசவம் பார்க்கும் டாக்டருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். தெரியாது என்றால் வேறு டாக்டரிடம் போ. இரண்டு அம்மாக்களையும் அடுத்த செக்கப்புக்குக் கூட்டிக்கொண்டு போய் டாக்டர் வாயாலேயே கேட்க வை.

கேள்வி: என் மகனுக்கு 31 வயது. பிறவியிலேயே மூளை முடக்குவாதம். கையும் காலும் இழுக்கும், பேச்சு குழறும், ஆனால் புத்தி தெளிவு. செய்தித்தாள் முழுக்கப் படிப்பான். எனக்கு 63. அவன் அப்பா போய்விட்டார். எனக்குப் பிறகு இவனை யார் பார்ப்பார்கள் என்று ராத்திரி தூக்கம் வருவதில்லை. வீட்டை மூத்தவன் பேருக்கு எழுதிவிட்டால் அவன் தம்பியைப் பார்த்துக்கொள்வான் என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள்.
— ஒரு தாய், திருச்சி

பதில்: அம்மா, எனக்கு வரும் கடிதங்களில் இந்தக் கேள்விதான் அதிகம்.

வீடு முழுவதையும் மூத்தவர் பேருக்கு எழுத வேண்டாம். மூத்த மகன் நல்லவராகவே இருக்கட்டும். நாளைக்கு அவர் வீட்டிலும் ஒரு கஷ்டம் வரும், அப்போது இளையவர் தன் சொந்த வீட்டிலேயே கைநீட்டிச் சாப்பிடுகிறவர் ஆகிவிடுவார். அவர் பங்கு அவர் பேரிலேயே இருக்கட்டும். சொத்து வைத்துக்கொள்ளவும், பணத்தைக் கையாளவும் மற்றவர்களைப் போலவே அவருக்கு உரிமை உண்டு என்று 2016 சட்டம் சொல்கிறது. மூளை முடக்குவாதம் உள்ளவர்களுக்குக் காப்பாளர் நியமிக்க, 1999-ன் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் கலெக்டர் தலைமையில் மாவட்டக் குழு இருக்கிறது. ஆனால் தினமும் பேப்பர் படித்துத் தன் விருப்பத்தைத் தானே சொல்கிற மனிதருக்குக் காப்பாளர் எதற்கு? முடிவை அவரே எடுப்பார். எழுதிக்கொடுக்க, கூட வர, ஆள்தான் வேண்டும். அதே அறக்கட்டளையின் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் அவரைச் சேர்த்துவிடுங்கள், வருஷத்துக்கு ஒரு லட்சம் வரை கிடைக்கும். அவர் அப்பா அரசு வேலையில் இருந்தவர் என்றால் குடும்ப ஓய்வூதியம் உங்களுக்குப் பிறகு அவருக்கு வர வழியுண்டு. அதற்கு வேண்டிய மருத்துவச் சான்றுகளை நீங்கள் இருக்கும்போதே வாங்கிவிடுங்கள்.

இன்னொன்று. அவரை இன்றுவரை உங்களைத் தவிர யாரும் குளிப்பாட்டியிருக்க மாட்டார்கள். வாரத்தில் ஒரு நாள் வேறொருவர் அதைச் செய்யட்டும், சம்பளம் கொடுத்து. ஆரம்பத்தில் இருவருக்குமே பிடிக்காது. யார் வருவது, எத்தனை மணிக்கு, தண்ணீர் எவ்வளவு சூடு என்பதை அவர் சொல்லட்டும், நீங்கள் அந்த நேரம் கோயிலுக்கோ தோழி வீட்டுக்கோ போய்விடுங்கள்.

உயில் எழுதப் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். வக்கீல் உங்களைப் பார்த்தே பேசினால், மகனைப் பார்த்துப் பேசச் சொல்லுங்கள். அவர் சொல்வது புரியக் கொஞ்சம் நேரம் ஆகும். வக்கீல் காத்திருக்கட்டும்.